சொல்லட்டையும் குழந்தையின் முதற் சொற்களும்

குழந்தைக்கு வாசிப்புக் கற்பித்தற்கெனக் கடைகளில் விற்கப்படும் படஅட்டைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. 'அ' என்றால் அணில், 'உ' என்றால் உரல், 'ஔ' என்றால் ஔவையார். கொழும்பு மாடிக் குடியிருப்பொன்றில் வளரும் குழந்தை உரலைக் கண்டிராது. தோட்டத்து லயத்தில் வளரும் குழந்தையோ தான் நாள்தோறும் காணும் கொழுந்துக் கூடையை அப்பெட்டியில் எங்கும் காணாது. படத்திலிருப்பது யாதென அறியாத குழந்தை வாய்திறவாது நிற்க, 'மந்தம்' என்ற பட்டம் அரிவரி வகுப்பிலேயே அதற்குச் சூட்டப்பட்டு விடுகின்றது. வீட்டிற் செய்யப்படும் சொல்லட்டைகளைப் பற்றி நாம் எழுதப் புகுவது இதன் பொருட்டே. அவை மலிவானவை என்பது உண்மை. ஆயின் அட்டையில் இருப்பது யாருடைய சொல் என்ற வினாவே முதன்மையானது.

இவ்வினாவை வகுப்பறையில் நேர்நின்று எதிர்கொண்டவர் நியூசிலாந்தைச் சேர்ந்த சில்வியா ஆஷ்டன்-வோர்னர். மாவோரிக் குழந்தைகள் பயின்ற கிராமப் பாடசாலைகளிற் பாலர் வகுப்பாசிரியராக இருந்தவர் அவர். தமது அனுபவத்தை 1963இல் 'ரீச்சர்' என்ற நூலாக வெளியிட்டார். வெள்ளையர் வீட்டு வாழ்வைச் சித்திரித்த 'ஜனற் அன்ட் ஜோன்' வாசிப்பு நூல்கள் அக்குழந்தைகளின் உள்ளத்தைத் தொடவில்லை என்பதை அவர் கண்டார். எனவே ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியே, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" எனக் கேட்டு, அது சொன்ன சொல்லை அதன் கண்முன்னே பெரிய அட்டையில் எழுதிக் கொடுத்தார். அச்சமும் அன்பும் தோய்ந்த சொற்களே அதிகம் கேட்கப்பட்டன. அவற்றைக் குழந்தைகள் ஒரு முறை பார்த்த அளவிலேயே கற்றுக்கொண்டன. மறுநாட் காலை அட்டைகள் யாவும் பாயிற் கொட்டப்படும். குழந்தைகள் தத்தம் அட்டையைத் தேடி எடுக்கும். அடையாளங் காணப்படாத அட்டை அகற்றப்படும். அச்சொல் அக்குழந்தைக்கு உயிருள்ள சொல் அன்று என்பதே அவர் கொண்ட முடிபு. தவறு குழந்தையிடம் இல்லை, சொல்லிலேயே உள்ளது என்ற இந்நோக்கு எமது கல்வியாளர் பலரிடம் இன்றும் அரிதாகவே காணப்படுகின்றது.

இம்முறையைத் தமிழிற் கையாளும்போது எமது எழுத்தின் இயல்பையும் மனங்கொள்ளல் வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்களுக்கும் 247 அட்டைகள் செய்து நெடுங்கணக்கு வரிசையிற் காட்டும் ஆர்வம் பெற்றோர் சிலரிடம் உண்டு. இது வீண்முயற்சி. ஙகர வரிசையின் பெரும்பகுதி எச்சொல்லிலும் வருவதில்லை. அன்றியும், தனித்து நிற்கும் எழுத்து தன் ஒலியை முழுமையாகச் சொல்லிவிடுவதுமில்லை. 'கடல்', 'பகல்', 'தங்கம்' என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. சொல்லுக்குள் வைத்தே எழுத்தை அறிய வேண்டியிருப்பதால், சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லும் வழியே தமிழுக்குப் பொருந்துவதாகும்.

ஆகவே முதலில் குழந்தை கேட்கும் பத்துப் பதினைந்து சொற்கள் அட்டைகளாகட்டும். சப்பாத்துப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, பழைய கலண்டரின் பின்மட்டை யாவும் இதற்குப் போதும். ஓர் அட்டை ஒரு சாண் நீளமும் நான்கு விரல் அகலமும் உடையதாயின் குழந்தையின் கைக்கு அடங்கும். எழுத்துக்கள் தடித்த கறுப்பு மையில், அலங்காரமின்றி அமைதல் வேண்டும்.

படத்தை எங்கே வரைவது? கடை அட்டைகளிற் சொல்லும் படமும் ஒரே பக்கத்தில் இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் சாமுவெல்ஸ் 1967இல் வெளியிட்ட ஆய்வு, படம் அருகிலிருக்கும்போது வாசிப்பிற் பின்தங்கிய குழந்தைகள் சொற்களைக் குறைவாகவே கற்றன எனக் காட்டிற்று. கண் எளிதானதையே நாடும். குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லிவிடும். எனவே படம் பின்பக்கத்திற்கு உரியது. இதனால் மற்றுமொரு பயனும் உண்டு. எழுதப் படிக்க அறியாத தாயொருத்தியும் தன் குழந்தை வாசித்தது சரியா என அட்டையைத் திருப்பிப் பார்த்து அறிந்துகொள்ளலாம். மூத்த பிள்ளையோ அயலவரோ எழுதித் தந்த அட்டைகளைக் கொண்டு, வேலை முடிந்து வந்தபின் பத்து நிமிடம் அவளே ஆசிரியையாக அமர முடியும். கல்வி தன் வீட்டுக்கு அப்பாற்பட்டது என எண்ணப் பழக்கப்பட்டவளுக்கு இது சிறிய மாற்றமன்று.

அடுத்து, சொற்களிலிருந்து எழுத்துக்களைப் பிரித்தெடுத்தல். 'பாம்பு', 'பந்து', 'மாமா' என்பன பெட்டியில் இருப்பின் ப, பா, பு, ம், மா, ந், து ஆகியன ஏற்கெனவே குழந்தையின் கையில் உள்ளன. 'ா' என்ற குறியை மட்டும் ஒடுங்கிய துண்டொன்றில் எழுதி, ப, ம, க ஆகியவற்றின் வலப்புறத்தே மாறிமாறி வைத்தால் பா, மா, கா பிறக்கும். 'ெ', 'ே', 'ை' துண்டுகள் இடப்புறம் நிற்கும். 'கொ' என்பதற்கு இரு புறமும் துண்டு வேண்டும் என்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்து வியப்பதுண்டு. உகர ஊகார வரிசைகளுக்கு இவ்வுத்தி பயன்படாது. கு, சு, டு, து என அவை மெய்க்கு மெய் வேறுபடுவதால் தனி அட்டைகளாகவே எழுதப்படல் வேண்டும். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தமும் ணா, றா, னா, லை முதலான 13 எழுத்துக்களை ஒழுங்குபடுத்தியதேயன்றி இவ்வரிசைகளைத் தொடவில்லை. (அம்மம்மா எழுதும் 'லை' சில வீடுகளில் இன்னும் பழைய வடிவிலேயே இருக்கும். ஒரே பெட்டியில் இரு வடிவங்கள் கலவாதிருத்தல் நன்று.)

பேச்சுவழக்கை அட்டையில் எழுதலாமா என்ற வினாவும் எழும். கதைகளில் மக்கள் பேச்சைக் கையாளலாமா என 1960களில் எம்மிடையே நிகழ்ந்த மரபுப் போராட்டம் சமையலறையில் மீண்டும் தலைதூக்குவது போன்றது இது. குழந்தை 'தேத்தண்ணி' என்றால் அதனையே எழுதுதல் வேண்டும் என்பது எமது கருத்து. அதைத் 'தேநீர்' எனத் திருத்தும் கணத்தில் அச்சொல் குழந்தையினுடையது அல்லாததாகிவிடுகின்றது. தேநீர் பாடநூலில் வரும்போது வரட்டும். ஆயின் 'மளை' எனக் குழந்தை ஒலித்ததற்காக ளகரம் எழுதுதல் வேண்டா. முன்னையது சொற்றெரிவு பற்றியது, பின்னையது எழுத்துக்கூட்டல் பற்றியது.

மறந்த அட்டையை என்ன செய்வது? 1972இல் செபஸ்தியன் லைட்னர் ஜேர்மன் மொழியில் எழுதிய நூலொன்றில் பல அறைகள் கொண்ட பெட்டியொன்றை விவரித்தார். சரியாகச் சொல்லப்பட்ட அட்டை அடுத்த அறைக்குச் சென்று நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் வரும். மறந்தது முதலறைக்குத் திரும்பி அடிக்கடி வரும். ஆஷ்டன்-வோர்னர் அகற்றிய அட்டையை லைட்னர் திருப்பி அழைக்கிறார். இவ்விரண்டும் முரண்பட்டவை எனத் தோன்றினும் அவற்றின் இடங்கள் வேறு. குழந்தை கேட்ட சொல் மறந்துபோனால் அதனைக் கிழித்துவிட்டு வேறு சொல் கேட்கலாம். 'ற', 'ண' போன்ற எழுத்துக்களைக் கிழித்தெறிய எவராலும் இயலாது. அவற்றை மூன்று தீப்பெட்டித் தட்டுக்களில் லைட்னர் முறைப்படி சிறு துண்டுகளாக வைத்து, நாள்தோறும் முதற்றட்டையும், இரு நாட்களுக்கொரு முறை இரண்டாவதையும், வாரமொரு முறை மூன்றாவதையும் எடுத்துப் பார்க்கலாம். குழந்தை சோர்ந்தால் அன்றைக்குப் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான். சில மாதங்களில் அதுவே மட்டையொன்றை எடுத்துப் பிழையும் சரியுமாக எழுதத் தொடங்கும். அதன்பின் எஞ்சிய வெற்று மட்டைகளை அதன் கையிலேயே கொடுத்துவிடலாம்.