மூட்டு உடைந்தால் ஆபரேஷன்: எப்போது தேவை, எவ்வளவு பலன்?



போன மாதம் சங்கரன்கோவிலில் நடந்த நம் கூட்டமைப்புக் கூட்டத்தில், தறிக்குத் தார் சுற்றும் ஒரு சகோதரி கடன் கேட்டு எழுந்தார். கையெழுத்துப் போட வலது கையை நீட்ட முடியவில்லை. முழங்கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்தவர். "ஆபரேஷன்னு சொன்னாக, பயந்துபோயி எண்ணெய்க் கட்டுக்குப் போயிட்டேன்க்கா. வலி போயிருச்சு, கைதான் மடங்க மாட்டேங்குது" என்றார். தலை பின்னவும், சோறு அள்ளவும் இடது கைதான். தார் சுற்றி வந்த கூலியும் நின்று போச்சு.

அதே கூட்டத்தில் இன்னொருவர், "எங்க அத்தைக்கு இடுப்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணினோம். இப்ப வாக்கர் பிடிச்சு நடக்காக" என்றார். மூன்றாவது சகோதரி, "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன்தான்னு சொன்னாக. நகையை அடகு வச்சுட்டேன். அப்புறம் வேற டாக்டர் பார்த்துட்டு பயிற்சி செஞ்சாப் போதும்னுட்டார்" என்றார்.

மூன்று பேருக்கும் மூன்று விதம். ஆகவே ஆபரேஷன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. எந்தக் காயத்துக்கு, எத்தனை நாளுக்குள் என்றுதான் கேட்க வேண்டும்.

மூட்டு உடைவது ஏன் வேறு?

எலும்பின் நடுவில் உடைந்தால், சிறிது கோணலாகச் சேர்ந்தாலும் பல நேரம் வேலை ஓடிவிடும். மூட்டு அப்படியல்ல. இரண்டு எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. உடைசல் அதற்குள் போனால் தளம் மேடு பள்ளமாகிவிடும். அப்படியே ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். மூட்டு இறுகும், சில வருடத்தில் தேய்ந்தும் போகும். உடைந்த துண்டுகளைச் சமமாகப் பொருத்தி பிளேட், ஸ்குரூ வைத்துப் பிடிக்கத்தான் ஆபரேஷன்.

கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண்ணைப் பூசிக்கொள்வது நம் நம்பிக்கை. அதில் தவறில்லை. ஆனால் உடைசல் மூட்டுக்குள் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மற்றது.

தள்ளிப்போடக் கூடாதவை

1. வயதானவர்களுக்கு இடுப்பு மூட்டு உடைதல். படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப் புண், சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தம் உறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "வயசாயிருச்சு, எதுக்கு ஆபரேஷன்?" என்று சொல்லாதீர்கள். வயதானவர்களுக்குத்தான் சீக்கிரம் எழுந்து உட்காருவது உயிர் காக்கும் விஷயம். உடல் நிலை இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் செய்வது நல்லது. எல்லோரும் பழையபடி நடப்பார்கள் என்று சொல்ல முடியாது. பலருக்குக் கம்பு வேண்டியிருக்கும். ஆனாலும் படுத்த படுக்கைக்கும் கம்பு பிடித்து நடப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

2. தோள்பட்டையோ இடுப்போ விலகுதல். உடனே ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துப் பொருத்த வேண்டும். தோள்பட்டையானால் முதல் தடவை பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. தெரிந்தவர் என்று யாரையும் இழுக்க விடாதீர்கள்.

3. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிதல். 108ஐக் கூப்பிட வேண்டியதுதான், யோசிக்க நேரமில்லை.

4. கட்டுப் போட்டபின் விரல் ஜில்லிட்டு, நீலம் பாரித்து, மரத்துப் போதல். எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாமதித்தால் கையே போய்விடும்.

பொறுத்துப் பார்க்கக் கூடியவை

முட்டி ஜவ்வு கிழிந்தால் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சுவீடனில் முன்ஜவ்வு அறுந்த 121 இளவயதினரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். மற்ற பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னால் ஆபரேஷன். 2010இல் வந்த முடிவுப்படி, இரண்டு வருடம் கழித்து இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தது. பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த இரண்டு வருடத்தில் ஆபரேஷனே தேவைப்படவில்லை.

நடுவயதில் தேய்மானத்தால் கிழியும் ஜவ்வுக்கும் இதே கதைதான். பின்லாந்தில் 146 பேருக்கு நடந்த சோதனையில், உண்மையான ஆபரேஷனும் பெயருக்குச் செய்த ஆபரேஷனும் ஒரு வருடம் கழித்து ஒரே பலனையே தந்ததாக 2013இல் தெரியவந்தது. ஆனால் முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலும், நடக்கும்போது அடிக்கடி வழுக்கிக்கொண்டு விழுந்தாலும் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள்.

ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி

நிறையப் பேர் தையல் பிரித்ததும் ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறோம். மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் இறுகிவிடும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சொன்ன அளவுக்குத் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்குதுன்னு விட்டால் ஆபரேஷன் செய்த பலனே போயிரும். அதற்காக எண்ணெய் போட்டு உருவி விடவும் கூடாது. அடிபட்ட முழங்கையை அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து, கை இன்னும் இறுகிப் போகலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம். மூட்டு முழுதும் கெட்டுப்போய்ச் செயற்கை மூட்டு வைத்தால், 100 முழங்கால் மூட்டுகளில் சுமார் 82, 25 வருடம் தாங்குவதாக 2019இல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது.

பணத்துக்கு என்ன செய்வது?

கந்துவட்டிக்குப் போவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பார்க்கலாம். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். செயற்கை முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை உச்சவரம்பு வைத்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகப் போடச் சொல்லி வாங்குங்கள். பயிற்சிக்குப் போக முடியாதவர்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும்படி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து

1. உடைசல் மூட்டுக்குள் போயிருக்கிறதா?
2. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
3. எத்தனை நாள் பொறுக்கலாம்?
4. செய்தபின் கை, கால் எந்த அளவுக்கு வேலை செய்யும்?
5. பயிற்சி எப்போது தொடங்கணும், எத்தனை மாதம்?

கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலில் திருப்தி இல்லை என்றால், அவசரமில்லாத காயத்துக்கு இன்னொரு டாக்டரிடமும் எக்ஸ்ரேயைக் காட்டலாம்.

தார் சுற்றும் அந்தச் சகோதரிக்கு அன்றே அவசரக் கடன் தந்து, துணைக்கு ஊக்குநரையும் அனுப்பினோம். இறுகிய மூட்டை விடுவிக்க ஆபரேஷன் நடந்தது. இப்போது பயிற்சி செய்கிறார். கை வாய்வரை வருகிறது, முழுதாக நீளவில்லை. முதல் வாரத்திலேயே செய்திருந்தால் இன்னும் நல்ல பலன் கிடைத்திருக்கும் என்றார் டாக்டர். அந்த முதல் வாரத்தில் அவர் நம்மிடம் கேட்கவில்லை, நாமும் போய்ப் பார்க்கவில்லை.

இனி உறுப்பினர் யார் விழுந்தாலும் மறுநாளே இருவர் வீட்டுக்குப் போவது, எக்ஸ்ரே எடுத்தாச்சா என்று கேட்பது, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துத் தீர்மானமாக எழுதிவிடுவோம்.