சீனத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு வெளியாசிரியர்

சீன மொழியில் ஆசிரியரை ‘லாவ்ஷர்’ என்று அழைக்கின்றனர். ‘லாவ்’ என்னும் சொல்லுக்கு முதுமை என்பது பொருள். இருபத்தைந்து வயதே நிரம்பியவராயினும், கரும்பலகையின் முன் சென்று நின்றுவிட்டால் அவர் முதியவரே. மாணவர் மட்டுமல்லர், வாயிற்காவலரும் அவ்வாறே அழைப்பர். அதே மொழியில், பிற நாட்டினின்று வந்து கற்பிப்பவருக்கு மற்றொரு பெயரும் வழங்குகிறது: ‘வைஜியாவ்’. இதில் ‘வை’ என்றால் ‘வெளி’. காலையில் முதியவராகவும் மாலையில் வெளியாராகவும் ஒருவர் வாழும் வாழ்க்கை எத்தகையது என்று அறிய, பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு ஆவல் எழுவது இயல்பே.

நம் சங்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2018 செப்டம்பரில் சீனத்தின் தென்மேற்கே உள்ள குன்மிங் நகருக்குச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலத்தின் வாயிலாகக் கணிப்பொறியியல் கற்பித்தார். பெயரை வெளியிட வேண்டா என்பது அவர் விருப்பம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வே எழுத்தரான நமக்குக் கல்லூரிப் படி மிதிக்கும் பேறு கிட்டவில்லை. ஆகவே கேள்விமேல் கேள்வி கேட்டு அவரைச் சிறிது வருத்தியே இச்செய்திகளைத் திரட்டினோம்.

குன்மிங் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பது. கடுங்கோடையும் கடுங்குளிரும் இல்லாமையால் ‘வசந்த நகரம்’ என்று பெயர் பெற்றது. ஆயினும் அங்கே ஒரு தொல்லை உண்டு. அவ்வளவு பெரிய நாடு முழுமைக்கும் பெய்சிங் நேரம் ஒன்றே நேரம். குன்மிங்கோ வெகு தூரம் மேற்கே இருக்கிறது. டிசம்பரில் சூரியன் உதிக்க ஏழேமுக்கால் மணிக்கு மேல் ஆகிவிடும். எட்டரை மணி வகுப்புக்கு இருட்டிலேயே எழுந்து புறப்பட வேண்டும். அஸ்ஸாமில் வேலை பார்த்துத் திரும்பிய நம் இரயில்வே நண்பர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும்.

முதல் நாள் பாடம் நடத்துவதில் கழியவில்லை. வந்து சேர்ந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு. பின்னர் மருத்துவப் பரிசோதனை, வேலை உரிமம், தங்கும் உரிமம் என்று தாள்மேல் தாள். இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் ‘வைபான்’ என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. இச்சொல்லிலும் ‘வை’ நிற்பதைக் கவனிக்க. வெளியாருக்கென ஏற்பட்ட அலுவலகம் அது. வீட்டுக் குழாய் ஒழுகினாலும், வெளியூர் செல்ல நேர்ந்தாலும், ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டினாலும் அங்கேதான் போக வேண்டும். உடன் பணியாற்றும் சீன ஆசிரியர் ஒருவர் அவ்வலுவலகத்தின் வாயிலை ஆண்டுக்கு ஒருமுறைகூட மிதிப்பதில்லையாம்.

வகுப்பில் அறுபது பேர். ஒவ்வொரு வகுப்புக்கும் ‘பான்ஜாங்’ என்று ஒரு மாணவத் தலைவர் உண்டு. அறை மாற்றமா, தேர்வுத் தேதியா, எவர் நோயுற்றார் என்பதா, யாவும் அவர் மூலமாகவே ஆசிரியரை வந்தடையும். நாற்பத்தைந்து நிமிடப் பாடங்கள் இரண்டிரண்டாக நடைபெறும். மாணவர் குறிப்பெடுப்பதில் குறைவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் வகுப்பு முழுதும் ஊமையாகிவிடும். முதல் மாதம் தம் ஆங்கிலம் புரியவில்லையோ என்று நம் இளைஞர் கலங்கினார். பாடம் முடிந்த பின் பத்துப் பேர் வரிசையாக வந்து நின்று, தனித்தனியே, மிக நுட்பமான ஐயங்களைக் கேட்டனர். பலர் முன்னிலையில் கேட்டுத் தவறிவிடுவதும், ஆசிரியரைத் திணற வைப்பதும் மரியாதை அல்ல என்பது அவர்கள் கருத்து. அதன்பின் அவர் பாடத்தைப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துக்கொண்டு மேசையருகில் அமர்ந்துவிடுவாராம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

நண்பகல் ஆனதும் வளாகமே உறங்கிவிடும். உணவு முடித்து இரண்டு மணி வரை பகல் துயில் அங்கே சோம்பலன்று, ஒழுங்கு. அந்நேரத்தில் அலுவலகம் எதுவும் திறந்திராது. ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பதும் நாகரிகமன்று.

உணவைப் பற்றி நம் இல்லத்தரசியர் கட்டாயம் கேட்பார்கள். மாணவர் உணவுச்சாலையில் அட்டையைக் காட்டி உண்ணலாம், விலை மலிவு. ஆனால் இவர் புலால் உண்ணாதவர். அங்கே காய்கறிப் பொரியலிலும் சுவைக்காகக் கொத்திய பன்றியிறைச்சி சிறிது கலப்பது வழக்கம். ‘இறைச்சி வேண்டா’ என்றால், ‘இது காய்தானே, இறைச்சி கொஞ்சந்தான்’ என்று அன்போடு விடை வரும். தக்காளியும் முட்டையும் சேர்ந்த வதக்கல், காடி தெளித்த உருளைக்கிழங்குச் சீவல், சோயாக் கட்டி ஆகிய மூன்றுமே முதற்பருவத்தில் அவரைக் காத்தன. பச்சைப்பயறு தாராளம், துவரம்பருப்புக்கோ வழியில்லை. கடைத் தயிர் இனிப்பாக இருக்கும். ஆகையால் முதல் விடுமுறைக்கு வந்து திரும்பியபோது குக்கர், பெருங்காயம், பருப்பு, அன்னையார் கொடுத்த பித்தளை டவரா தம்ளர் ஆகியவற்றோடு போனார். ஞாயிறுதோறும் பான்ஜாங்கும் இரண்டொரு மாணவரும் வந்து சாம்பார் சாதம் உண்டனர். ஒருவர் அதை இறுதிவரை ‘மஞ்சள் கஞ்சி’ என்றே அழைத்தார்.

விடுமுறைக் கணக்கு வேடிக்கையானது. 2019 அக்டோபரில் தேசிய நாளை ஒட்டி ஏழு நாள் விடுமுறை. அதற்கு ஈடாக, முன்னே செப்டம்பர் 29 ஞாயிறும் பின்னே அக்டோபர் 12 சனியும் வேலை நாட்களாக்கப்பட்டன. விடுமுறையைக் கடனாகக் கொடுத்து வட்டியின்றி வசூலிக்கும் இம்முறையை நம் அலுவலகத்தில் சொன்னபோது எவரும் மகிழவில்லை.

இந்நகருக்கு வெளியாசிரியர் புதியவரல்லர். 1937இல் ஜப்பானியப் படையெடுப்பால் பெய்சிங், தியன்ஜின் பல்கலைக்கழகங்கள் மூன்று தெற்கே பெயர்ந்து, 1938 முதல் 1946 வரை குன்மிங்கில் ஒன்றாக இயங்கின. தகரக் கூரை வேய்ந்த வகுப்புகளில் மழை பெய்தால் பாடம் காதில் விழாது. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எம்ப்சன் நூல்கள் இன்றி, நினைவிலிருந்த கவிதைகளைக் கொண்டே அம்மாணவர்க்குப் பாடம் நடத்தியவர். சீனத்தில் இந்தி கற்பித்தல் 1942இல் தொடங்கியதும் இந்நகரை அடுத்த செங்குங்கில்தான். இன்று அவ்விடம் பல பல்கலைக்கழகங்கள் கொண்ட கல்வி நகரம். தமிழ் 2018 முதல் பெய்சிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாக இடம்பெற்றது.

நீண்ட நாள் தங்கினால் ‘வை’ என்னும் சொல் உதிர்ந்துவிடுமா என்று நாம் கேட்டோம். அவர் இசபெல் குரூக் அம்மையாரைச் சொன்னார். 1915இல் செங்டு நகரில் பிறந்த கனடா நாட்டுப் பெற்றோரின் மகள். பெய்சிங்கில் பல்லாண்டு ஆங்கிலம் கற்பித்தவர். அவர் கணவர் டேவிட் குரூக்கும் அங்கே ஆசிரியர். பண்பாட்டுப் புரட்சியின்போது கணவர் 1967 முதல் 1973 வரை சிறையில் கிடந்தார். அம்மையாரும் வளாகத்திலேயே அடைக்கப்பட்டார். பிறகும் அவர்கள் நாட்டை விட்டுப் போகவில்லை. 2019இல் அரசு அம்மையாருக்கு நட்புப் பதக்கம் அளித்தது. 2023இல் 107ஆம் வயதில் மறைந்தார். அப்பதக்கம் அயல்நாட்டவர்க்கே உரியது.

நம் இளைஞரின் வாழ்வு இவ்வளவு நீளவில்லை. 2020 சனவரியில் பருவத்தேர்வு முடிந்தது. வசந்த விழாவை ஒட்டிய நாற்பது நாள் பயண நெரிசல் அங்கே தொடங்கியிருந்தது. கல்கத்தாவுக்கு அப்போது நேர் விமானம் இருந்தமையால் ஒரு கைப்பெட்டியோடு ஊர் வந்தார். சில நாட்களில் வூகான் அடைக்கப்பட்டது. மார்ச் 28 முதல், தங்கும் உரிமம் பெற்ற அயல்நாட்டவர்க்கும் சீனம் நுழைவை நிறுத்தியது. இரண்டரை மணி நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, இங்கே காலை ஆறு மணிக்கு எழுந்து கணிப்பொறி முன் அமர்ந்து அப்பருவம் முழுதும் கற்பித்தார். சூலையில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. வீட்டை ஒழித்துத் தருமாறு மட்டும் முன்கூட்டியே கடிதம் வந்தது.

சூன் மாதத்தில் பான்ஜாங்கும் தோழர்களும் அவ்வீட்டுக்குச் சென்று, கைப்பேசியில் ஒவ்வொரு பொருளாகக் காட்டி, ‘இது வேண்டுமா, லாவ்ஷர்?’ என்று கேட்டுக் கேட்டு ஐந்து பெட்டிகளில் அடுக்கினர். அம்மாதம் 29இல் நம் அரசு தடை செய்த 59 செயலிகளுள் அவர்கள் பேசிவந்த வீசாட்டும் ஒன்று. அதன்பின் மின்னஞ்சலே துணை. பான்ஜாங் 2021இல் பட்டம் பெற்றபோது பெட்டிகளைத் தம் சிற்றூருக்கே கொண்டுபோனார். நூல்கள் மேல்மாடியில் இருக்கின்றனவாம். தம்ளரில் தம் தாயார் தேநீர் அருந்துவதாகவும், அதற்கு ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டு எழுதினார். இல்லை என்று விடை போயிற்று.

2025 அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேர் விமானம் மீண்டும் தொடங்கிய பின், நம் அன்பர்கள் சிலர் தம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று விசாரிக்கின்றனர். ஊதியமும் வீடும் ஒப்பந்தத்தில் முதற்பக்கத்திலேயே இருக்கும். ஓராண்டு முடிவில் புதுப்பிக்காவிடில் எத்தனை நாள் முன்னறிவிப்பு, வர இயலாது போனால் வீட்டுப் பொருளை எவர் பொறுப்பில் வைப்பது என்னும் இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுமாறு அவர் சொல்கிறார். அவருக்கு மடல் எழுத விரும்புவோர் சங்கச் செயலாளர் வழியாக அனுப்பலாம்.