மின் கையொப்பம் செல்லுமா?

வருமானச் சான்று, ஜாதிச் சான்று முதலியன இக்காலத்தில் மையொப்பமின்றி, கணினி வழியாக மின் கையொப்பத்துடன் வழங்கப்பட்டு வருகின்றன. பாங்கிக் கடன் உடன்படிக்கைகளும் சில இடங்களில் இவ்விதமே முடிக்கப்படுகின்றன. "மையொப்பமில்லாத பத்திரம் செல்லுமா?" என்னும் ஐயம் நிலமுடையோர்க்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் உண்டாவது இயல்பே. ஆகவே அது பற்றிய சட்ட நிலை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப்படும்.

1. சட்டம் கூறுவது.- இந்தியாவில் 2000-ஆம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி அமுலுக்கு வந்தது. யாதொரு சட்டம் கையொப்பம் வேண்டுமென விதிக்கின்றதோ, அவ்விடத்து முறைப்படி இடப்பட்ட மின் கையொப்பம் போதுமென்று இதன் 5-வது பிரிவு கூறுகின்றது. கையெழுத்தைப் படம் பிடித்துக் கடிதத்தில் ஒட்டிவைப்பது இப்பிரிவு கருதும் மின் கையொப்பமாகாது. லைசென்சு பெற்ற சான்றளிப்பு ஸ்தாபனம் கொடுத்த சான்றிதழை ஆதாரமாகக் கொண்டு இடப்படுவதே அது. ஆதார் எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கொண்டு ஒப்பமிடும் முறை 2015 முதல் அங்கீகாரம் பெற்றுள்ளது.

2. இயங்கும் விதம்.- ஒப்பமிடுவோர்க்கு இரகசியச் சாவி, பொதுச் சாவி என இரண்டு உண்டு. பத்திரம் முழுவதையும் கணினி ஒரு சுருக்கக் குறியாக்கி, அதனை இரகசியச் சாவியால் முத்திரையிடும். பெறுவோர் பொதுச் சாவியால் அதனைச் சோதிப்பர். வருமானத் தொகையில் ஒரு சுழியைக் கூட்டினாலும் ஒப்பம் பொருந்தாமற் போகும். இச்சோதனை மூலக் கோப்பிலேயே செய்யத்தக்கது. அச்சிட்ட நகலில் இயலாது. நகலைப் பெறுவோர் அதிற் கண்ட சான்று எண்ணைக் கொண்டு சர்க்கார் இணையதளத்தில் ஒத்துப்பார்த்தல் வேண்டும்.

3. போதாத இடங்கள்.- உயிலுக்கு மின் கையொப்பம் செல்லாது. அது காகிதத்தில் முறைப்படி எழுதிச் சாட்சிகளுடன் முடிக்கப்படல் வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம், 1882-ஆம் வருஷத்திய சொத்து மாற்றுச் சட்டப்படி, ரிஜிஸ்டர் செய்த பத்திரத்தினாலேயே நிறைவேறும். மின் ஒப்பமிட்ட உடன்படிக்கை மாத்திரம் நிலத்தை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றிவிடாது.

4. பொறுப்பு.- இதுவே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. இரகசியச் சாவி பிறர் கைப்பட்டால், அச்செய்தியைச் சான்றளிப்பு ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்கும் வரையில் அதற்குரியவரே பொறுப்பாளி என 42-வது பிரிவு விதிக்கின்றது. பிறர் மின் கையொப்பத்தை வஞ்சகமாய் உபயோகிப்போர்க்கு 66-சி பிரிவின்படி 3 வருஷம் வரை சிறைத் தண்டனையும் 1 லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆகையால் உத்தியோகஸ்தர்கள் வேலை மிகுதியை உத்தேசித்துத் தம் சாவிக் கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் உதவியாளரிடம் ஒப்புவித்தல் கூடாது. குடியானவர்களும் கைப்பேசிக்கு வரும் எண்ணைத் தரகரிடம் சொல்லுமுன், பத்திரத்தைப் படித்தோ படிக்கச் செய்தோ அறிந்துகொள்ளல் அவசியம். அவ்வெண்ணைச் சொல்வது, எழுதாத காகிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.