திரையும் கரும்பலகையும்

கருவியை இயக்கத் தெரிந்தால் மின்வழிப் பாடம் நடத்திவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அஃது அரை அறிவேயாகும். பாடப்பொருள், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றறிவும் இணைய வேண்டும் என்று 2006-இல் மிஸ்ரா, கோலர் என்னும் கல்வியாளர்கள் விளக்கினர்.

சான்றாக, பிச்சாவரத்து அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களைக் கொள்வோம். சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டத் திரை வேண்டாம். நேரில் அழைத்துச் சென்றால் போதும். ஆனால் நுண்துளைகள் வழியே காற்று வேருக்குள் புகுவது கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் அசைபடம் கைகொடுக்கிறது.

2018-இல் வந்த தமிழகப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. கைப்பேசியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவை வெறும் கறுப்புக் கட்டங்களே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய நான் இதனை நன்கறிவேன். நாளை பி.எட். பயிலவிருக்கும் நண்பர்களே! அப்பிள்ளைக்காகக் கரும்பலகையிலும் ஒரு படம் வரைவோமாக!