கொல்லிமலையை விட்டு இறங்க மறுத்த பாட்டி

மறைமலைநகரைக் கடந்து தெற்கே ஓடும் ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலும் பரனூரும் பின்னே போனதும் செங்கற்பட்டு வந்துவிடும். ஊரை அடுத்த திருமணியில் பழைய தொழுநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. 1947-இல் ஒரு நாள், வேலூரிலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர் அங்கே ஒரு நோயாளியிடம் தம் கையை இறுக அழுத்தச் சொன்னார். நோயாளி அழுத்தினார், டாக்டர் வலியால் அலறாத குறைதான்! விரல்கள் மடங்கி முடங்கிய கையில் இத்தனை வலுவா? செத்த கை என்று உலகம் தள்ளிவிட்டதில் உயிருள்ள தசைகள் இருக்கின்றன என்று அவருக்கு அன்றுதான் விளங்கிற்று. பின்னாளில் அத்தகைய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர்.

மகனின் கதை பலர் அறிந்தது. ஏறக்குறைய அதே நாட்களில் அவருடைய தாயார் நடத்திக்கொண்டிருந்த போராட்டத்தை அறிந்தவர் சிலரே.

எவலின் அம்மையார் லண்டனில் வசதியான வியாபாரியின் வீட்டில் 1879-இல் பிறந்தவர். ஓவியம் தீட்டுவதில் ஆர்வம் மிக்கவர். தம்மைவிட ஆறு வயது இளையவரான ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாதிரியாரை 1913-இல் சேந்தமங்கலத்தில் மணந்தார். கல்யாண விருந்து, ஊர்வலம் என்றெல்லாம் எண்ணிவிட வேண்டாம். மணமான கையோடு மலைப் பயணம்! இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற கொல்லிமலைக்கு அன்று ஒற்றையடிப் பாதைதான். கொட்டும் மழையில் மணப்பெண்ணை டோலியில் தூக்கிச் சென்றார்கள். ஜெஸ்ஸி தம் கையாலேயே கட்டியிருந்த மரவீடு மேலே காத்திருந்தது.

வல்வில் ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவை காவல் நிற்கும் மலை என்றெல்லாம் நாம் பெருமை பேசும் அந்த இடத்தில் வாழ்பவர்கள் ‘மலையாளிகள்’ எனப்படும் தமிழர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. அப்படிப் பார்த்தால் செங்கற்பட்டுச் சீமைக்கு அவர்கள் பங்காளிகள் அல்லவா! காய்ச்சலும் நரம்புச் சிலந்தியும் அவர்களை வாட்டின. கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொள்ளும் வழக்கத்தால் சிலந்தி பரவுகிறது என்று ஜெஸ்ஸி எடுத்துச் சொன்னார். கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்பச் செய்தார். வைத்தியம், பள்ளிக்கூடம், தச்சு வேலை, பயிர்த்தொழில், வரித் தகராறுக்கு மனு என்று எல்லாவற்றுக்கும் அவர்தான்.

ஆனால் ஆறேழு ஆண்டுகள் வரை மதத்தில் சேர ஒருவரும் முன்வரவில்லை. மலையின் பூசாரி குறுக்கே நின்றார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவருடைய பிழைப்பும் மதிப்பும் அதில் அடங்கியிருந்தன. முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலில் அந்தப் பூசாரியே படுத்தார். அக்கம்பக்கத்தார் அஞ்சி விலகியபோது, கஞ்சியும் மருந்துமாகக் கூட இருந்தவர்கள் பிராண்ட் தம்பதிகள். சாகுந்தறுவாயில் அவர் தம் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன் பிறகுதான் ஜனங்களின் மனம் திறந்தது.

கொல்லி, பச்சைமலை, கல்வராயன் முதலாக ஐந்து மலைத்தொடர்களிலும் தொண்டு செய்ய வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் கனவு. அது நிறைவேறுமுன், 1929 ஜூன் 15-ஆம் தேதி மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்று ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டிருந்த மகனுக்கு அப்போது பதினான்கு வயது.

விதவையான அம்மையாரை மிஷன் பின்னர் சமவெளிக்கு மாற்றியது. மலை கண்ணுக்குத் தெரியும். ஏற அனுமதி இல்லை. 1947-இல் அவருக்கு வயது அறுபத்தெட்டு. இனி ஊழியம் போதும் என்று கமிட்டி தீர்மானித்தது. கமிட்டியின் பக்கமும் நியாயம் இருந்தது. மருத்துவ வசதியற்ற மலையில் முதிய மாது ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? அம்மையார் ஒரே ஒரு வருஷம் கேட்டார். கமிட்டி இசைந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. சிறு வீடு ஒன்றுக்கு வேண்டிய சாமான்களைச் சந்தடியின்றி மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்! வருஷம் முடிந்தது; பிரிவுபசாரமும் நடந்தது. எல்லாரிடமும் விடைபெற்ற அம்மையார், தாம் போவது இங்கிலாந்துக்கு அல்ல, கொல்லிமலைக்கு என்றார்.

அன்று முதல் அவர் எந்தக் கமிட்டியின் உத்தரவையும் எதிர்பார்க்கவில்லை. மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகப் போனார். எழுபத்தைந்தாம் வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுதும் தரையிலேயே கிடந்தார். விடிந்தபின் வேலையாள் கண்டார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மலையிலிருந்து இறக்கினார்கள். பிறகு மேடுபள்ள ரோட்டில் நூற்றைம்பது மைல் ஜீப் பயணம். ‘இனியாவது ஓய்வெடுங்கள், அம்மா’ என்று மகன் மன்றாடினார். உழைக்காமல் இந்தக் கிழ உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்று கேட்டுவிட்டு, இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு மறுபடியும் மலையேறிவிட்டார் தாயார். பல ஆண்டுகளாக அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை.

தொண்ணூற்று மூன்று வயதில் குதிரைமேல் நிலைகொள்ள முடியாமற் போயிற்று. ஊர் சுற்றுவதை நிறுத்தவில்லை. மலை ஜனங்கள் துணித்தொட்டிலில் அவரைக் கிடத்தி, தோளில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். 1913-இல் டோலி தூக்கியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். இவர்களோ பாட்டியைத் தங்கள் வீட்டுப் பெரியவளாக நினைத்துச் சுமந்தவர்கள்.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் காலமானார். கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.