மலைப்பாதை ஜீப்பும் அதன் டிரான்ஸ்பர் பெட்டியும்

காளப்பநாயக்கன்பட்டி வட்டாரத்து நிலக்காரர்களில் சிலர் கொல்லிமலை மேலும் பயிர் வைத்திருக்கின்றனர். மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, பலா முதலிய மலைச் சரக்குகள் அடிவாரத்திற்கு இறங்கவும், எருவும் கருவிகளும் மேலே போகவும் ஜீப் வண்டிகள் பெரிதும் உதவுகின்றன. காரவள்ளியிலிருந்து ஏறும் தார்ச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் இருப்பது யாவரும் அறிந்ததே. அச்சாலையினின்று பிரிந்து தோட்டங்களுக்குச் செல்லும் மண்பாதைகளிலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுத்தாலன்றி வண்டி நகருவதில்லை. அவ்வாறு நான்கையும் இழுக்கச் செய்வது டிரான்ஸ்பர் பெட்டி என்னும் பாகமாகும். ஏற்றத்தில் அது செய்யும் உதவியை ஓட்டுநர்கள் நன்கு அறிவர். சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டென்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சேற்றில் ஒரு ஜோடி எருதுகளால் ஆகாத பாரத்திற்கு முன்னே மற்றொரு ஜோடியைப் பூட்டுவது நம் வழக்கம். இப்பெட்டி செய்வதும் அதுவே. எஞ்சினின் சக்தி கியர்ப் பெட்டி வழியாக இதனுள் வந்து, ஒரு சுழல்தண்டின் மூலம் பின் அச்சுக்கும், மற்றொன்றின் மூலம் முன் அச்சுக்கும் போகிறது. 1941 முதல் அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனியார் செய்த ஜீப்பிலும், அதன் வழிவந்த பழைய ஜீப்புகள் பலவற்றிலும் இதற்கென இரண்டு சிறு லீவர்கள் உண்டு. ஒன்று முன் அச்சைப் பூட்டவும் கழற்றவும்; மற்றது வேகப் பல்லுக்கும் மந்தப் பல்லுக்கும் மாற்ற.

மந்தப் பல்லின் பலன் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் பார்க்கலாம். 1945இல் குடியானவர்களுக்கு உகந்ததென விற்பனைக்கு வந்த ஸிஜே-2ஏ என்னும் ஜீப்பில், முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுமார் 15 சுற்றுச் சுற்றும். மந்தப் பல்லையும் சேர்த்தால் அது சுமார் 37 ஆகிறது. வேகம் குறைந்த அளவுக்கு இழுக்கும் வலிமை மிகும்; இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பின்னிழுத்துத் தாங்கும் வலிமையும் அவ்வாறே மிகும். அந்த ஜீப்பின் இப்பெட்டி வழியாகவே சக்தியை வெளியே எடுத்து, வண்டி நின்றபடி வேறு யந்திரங்களை ஓட்டவும் வசதி செய்திருந்தனர். அதற்காக லீவரின் நடுவில் இரண்டு பல்லும் பிடிக்காத ஒரு நிலை வைக்கப்பட்டது. இந்த நடுநிலையைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

முன் அச்சைப் பூட்டியபடியே தார்ச் சாலையில் ஓட்டுதல் கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. ஆகவே முன் தண்டு அதிகமாகச் சுழல வேண்டும். ஆனால் பெட்டியோ இரண்டு தண்டுகளையும் ஒரே அளவில் சுழலுமாறு கட்டிவைத்திருக்கிறது. சேற்றில் ஏதேனும் ஒரு சக்கரம் சறுக்கி இந்த வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க இயலாமையால் முறுக்கு முழுதும் பற்சக்கரங்களிலும் தண்டுகளிலும் ஏறுகிறது. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், லீவரைக் கழற்ற முயன்றால் அசையாது. அதைச் சுத்தியலால் தட்டுவோரும் உளர். அது வேண்டாத வேலை. வண்டியை நேராகச் சில கஜ தூரம் பின்னுக்கு ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து லீவர் தானே விடும். 70 வளைவுகளையும் முன் அச்சைக் கழற்றி, வேகப் பல்லிலேயே, முதல் இரண்டாம் கியர்களைக் கொண்டு ஏறி இறங்குவதே முறை. நான்கு டயர்களும் ஒரே அளவினவாயும் ஏறக்குறைய ஒரே தேய்மானமுள்ளவையாயும் இருத்தல் வேண்டும். முன்னே புதியதும் பின்னே மொட்டையுமாக இருந்தால் நேர்ப்பாதையிலும் இம்முறுக்கு ஏறும். முன் சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். வயலில் பூட்டுக, சாலைக்கு வந்ததும் கழற்றுக.

இனி எண்ணெய். பழைய ஜீப்பின் பெட்டி கொள்வது சுமார் ஒன்றரை லிட்டர் 90 நம்பர் கியர் எண்ணெயே. கொள்ளளவு சிறிதாதலால், தரையில் நாள்தோறும் நாலைந்து சொட்டு விழுவதையும் அற்பமாக எண்ணலாகாது. மாதம் ஒருமுறை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பெட்டியின் பக்கத்திலுள்ள திருகாணியைக் கழற்றி, விரல் விட்டுப் பார்க்க வேண்டும். துவாரத்தின் கீழ் விளிம்புவரை எண்ணெய் நிற்பது சரியான அளவு. சில ஜீப்புகளில் கியர்ப் பெட்டிக்கும் இதற்கும் இடையே எண்ணெய் போய்வர வழியுண்டு. ஆகையால் இரண்டையும் ஒன்றாகவே சோதிக்க வேண்டும். ஓடையில் இறங்கி வந்த பிறகு எண்ணெய் மோர்போல வெளுத்திருப்பின் தண்ணீர் புகுந்துவிட்டதென்று கொண்டு, அன்றே முழுதும் இறக்கி மாற்றுக. இறக்கிய எண்ணெயில் மையைப் போன்ற சாம்பல் நிறத் தூள் இருந்தால் அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லு கையில் தட்டுப்பட்டால் பற்சக்கரமோ பேரிங்கோ கெட்டிருக்கிறது.

எண்ணெய் ஒழுகினால் உடனே ஆயில் சீலை மாற்றுவது வழக்கம். அதற்கு முன், பெட்டியின் மேலுள்ள சிறு மூச்சுத் துவாரம் மண்ணடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் மிகுந்து நல்ல சீலையும் கசியும். தண்டைக் கையால் பற்றி மேலும் கீழும் அசைத்தும் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை விட்டுச் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊராகையால் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு நமக்குக் குறைவில்லை. பற்சக்கரத்திற்குப் பதில் சங்கிலி அமைந்த புதிய மாதிரிப் பெட்டிகள் பலவற்றுக்கு மெல்லிய எண்ணெயே விதிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பழைய வழக்கப்படி 90 நம்பரை ஊற்றிவிடாமல் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தைப் பார்க்கவும்.

பின்பக்கத்துச் சீல் ஒழுகுவது மட்டும் ஒருநாளும் பொறுக்கத்தக்கதன்று. ஏனெனில் பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை; இப்பெட்டியின் பின்புறம், பின் தண்டு தொடங்கும் இடத்திலுள்ள டிரம்மில் இருக்கிறது. அச்சீல் கசிந்தால் எண்ணெய் நேராகப் பிரேக் லைனிங்கில் ஊறும். கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் வண்டி சரிவில் நிற்காது. லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மீண்டும் பூட்டுவதால் பயனில்லை. உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறியதும் வெளிவரும். சீலையும் லைனிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முதல் கியரில் போட்டு நிறுத்தினால் போதுமே என்பர் சிலர். டிரான்ஸ்பர் லீவர் நடுநிலையில் நின்றுவிட்டால், கியர் எதில் இருந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கைப்பிரேக்கும் எண்ணெயில் ஊறியிருந்தால் ஆட்களோடு நிற்கும் வண்டியைப் பிடிக்க ஒன்றுமில்லை. இதே காரணத்தால் இறக்கத்தின் நடுவில் வேகப் பல்லிலிருந்து மந்தப் பல்லுக்கு மாற்ற முயலுதல் பேராபத்து. லீவர் நடுநிலையைக் கடக்கும் கணத்தில் வண்டி எஞ்சினின் பிடியை இழந்து உருளத் தொடங்கும். அதன்பின் மந்தப் பல் சேராது. வளப்பூர் நாடு முதலிய பகுதிகளில் சேற்றுப் பாதையில் இறங்குவோர், இறக்கம் தொடங்குமுன் மேலேயே வண்டியை நிறுத்தி, முன் அச்சைப் பூட்டி, மந்தப் பல்லில் போட்ட பிறகே இறங்க வேண்டும்.

பின் சக்கரம் பஞ்சரானபோது இன்னுமொரு ஜாக்கிரதை தேவை. ஜாக்கி வைத்து ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் இக்கைப்பிரேக்கு பயனற்றதாகிறது. தண்டு அசையாவிடினும், தூக்கிய சக்கரம் எதிர்ப்புறம் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருளும். ஆகவே ஜாக்கியில் கை வைக்குமுன் மற்றச் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்தே தீரவேண்டும்.

வாடகை ஜீப்பில் மலைக்குச் செல்லும் கிராம அதிகாரிகளும், நோயாளிகளையும் கூலியாட்களையும் ஏற்றியனுப்பும் நிலக்காரர்களும் புறப்படுமுன் ஐந்து நிமிஷம் செலவிட்டு இதைச் சோதிக்கலாம். சிறு சரிவில் ஆட்களை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பெரிய கல்லை வைத்து, கியரை நடுவில் விட்டுக் கைப்பிரேக்கை மட்டும் இழுக்கச் சொல்லுக. வண்டி கல்லைத் தொட்டால் அன்றைக்கு வேறு வண்டி பார்க்கவும்.