வீட்டு ஒலி-ஒளிச் சேமிப்பகத்திற்குச் சிக்கனமான சாதனங்கள்

ஒரு தலைமுறைக்கு முன்பு குடும்பத்தின் நினைவுகள் யாவும் புகைப்பட ஆல்பத்திலும் வீடியோ காசெட்டிலும் அடங்கியிருந்தன. இன்று அவை கைத்தொலைபேசி, பழைய கம்ப்யூட்டர், சிறிய நினைவட்டைகள் எனப் பலவிடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, வீட்டிலுள்ளோர் எந்த அறையிலிருந்தும் கண்டு கேட்டு மகிழ வழிசெய்யும் கம்ப்யூட்டரே வீட்டுச் சேமிப்பகம் எனப்படுவது. இதனை அமைக்கப் பெரும்பொருள் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கின்றது. உண்மையில், செலவு மிகுவது பெரும்பாலும் தேவையற்ற உறுப்புக்களை வாங்குவதனாலேயே. அதே வேளையில், இன்றியமையாத ஓர் உறுப்பு வாங்கப்படாமலே விடப்படுவதும் உண்டு.

கொச்சி மாநகரின் வைட்டிலாப் பகுதியில் வசிக்கும் நடுத்தரக் குடும்பம் ஒன்றினை உதாரணமாகக் கொள்ளலாம். நெடுஞ்சாலையும் மெட்ரோ ரயிலும் நீர்வழி மெட்ரோவும் சந்திக்கும் இப்பகுதி, உப்பங்கழிகளுக்கு அண்மையில் இருப்பது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அலமாரியில் வைத்த காசெட்டுகளிற் பூஞ்சணம் படர்வது இவ்வூரில் வியப்பன்று. ஆகவே பழைய பதிவுகளைக் காலந்தாழ்த்தாது மாற்றிச் சேமிப்பது இங்கு அவசியமாகின்றது.

தேவையை அளத்தல்

கடைக்குச் செல்லுமுன் கணக்கெடுக்க வேண்டும். நூறு மணி நேரப் பழைய காசெட்டுப் பதிவுகள், மணிக்கு 2 ஜிகாபைட் வீதம், 200 ஜிகாபைட் ஆகும். படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்றால் 25,000 புகைப்படங்களுக்கு 100 ஜிகாபைட் தேவை. கைத்தொலைபேசியில் எடுத்த ஐம்பது மணி நேர வீடியோவிற்குச் சுமார் 380 ஜிகாபைட் ஆகலாம். இவற்றின் கூட்டுத்தொகை 680 ஜிகாபைட். இவற்றுடன் ஒவ்வொன்றும் 5 ஜிகாபைட் அளவுள்ள 200 திரைப்படங்களையும் சேர்த்தால் மொத்தம் 1,680 ஜிகாபைட், அதாவது 1.7 டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. வருங்கால வளர்ச்சியையும் கருதி 4 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரு தட்டு போதுமானது.

இக்கணக்கில் ஒன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. திரைப்படங்கள் அழிந்தால் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். பாட்டனாரின் குரலையோ, மணவிழாப் பதிவையோ எவ்விலை கொடுத்தும் வாங்க இயலாது. ஈடு செய்ய இயலாத பகுதி மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. இப்பாகுபாடே சிக்கனத்தின் திறவுகோல்.

கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தல்

சேமிப்பகத்தின் வேலை தட்டில் உள்ளதை எடுத்துக் கம்பி வழியே அனுப்புவதேயாகும். உயர்தரத் திரைப்படம் ஒன்றுக்கு வினாடிக்குச் சுமார் 5 முதல் 10 மெகாபிட் தேவைப்படும். புளூ-ரே தட்டின் படத்திற்கும் 54 மெகாபிட்டுக்கு மேற்படுவதில்லை. சாதாரணமான ஜிகாபிட் இணைப்போ வினாடிக்கு 1,000 மெகாபிட்டை ஏந்த வல்லது. எனவே, மூவர் ஒரே சமயத்தில் வெவ்வேறு படங்களைப் பார்த்தாலும் ஆற்றல் மிக்க செயலி தேவைப்படுவதில்லை.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் புரியாத முறையில் படம் பதிவாகியிருப்பின், சேமிப்பகமே அதனை வேறு முறைக்கு உடனுக்குடன் மாற்றித் தரவேண்டும். இவ்வுருமாற்றம் செயலிக்குக் கடினமான பணி. 2003-ல் வகுக்கப்பட்ட எச்.264 முறையைப் பெரும்பாலான பெட்டிகள் அறியும். 2013-ல் வந்த எச்.265 முறையைப் பழைய பெட்டிகள் அறியா. ஆதலின் வீட்டிலுள்ள பெட்டி எம்முறைகளை ஏற்கும் என்பதை முதலில் அறிந்துகொண்டால், விலையுயர்ந்த செயலிக்கான செலவைத் தவிர்க்கலாம்.

மலிவான வழிகள் இரண்டு. முதலாவது, ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர். 2019-ல் வெளிவந்த அதன் நான்காம் வடிவம் முழு ஜிகாபிட் இணைப்பும், விரைவான யு.எஸ்.பி. 3 வாயிலும் கொண்டது; அதற்கு முந்தியவை இவ்வேலைக்கு மெதுவானவை. தட்டிற்குத் தனி மின்னூட்டம் அளிப்பது நலம். இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய மேசைக் கம்ப்யூட்டர். 2015-க்குப் பின் வந்த இன்டெல் செயலியுடையது கிடைப்பின், எச்.265 உருமாற்றத்திற்கும் அதிலேயே துணையுறுப்பு இருக்கும். டெபியன், சாம்பா, ஜெல்லிஃபின் ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பதால் அவ்வகையிற் செலவில்லை.

இனாமாகக் கிடைத்த மிகப் பழைய கம்ப்யூட்டர் மலிவானது போலத் தோன்றும். ஆனால் சேமிப்பகம் இரவு பகலாக இயங்குவது. 10 வாட் கொள்ளும் கருவி அறுபது நாட்களில் 14.4 யூனிட் மின்சாரம் கொள்ளும். 60 வாட் கொள்ளும் கருவியோ 86.4 யூனிட்டை விழுங்கும். உபயோகம் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும் முறை நிலவுவதால், இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின்கட்டணச் சீட்டில் இவ்வேற்றுமை நன்கு புலப்படும்.

காந்தத் தட்டுக்கள்

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 24 அங்குல அகலமுள்ள ஐம்பது தட்டுக்களைக் கொண்டிருந்தும், அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துக்களே. இன்றைய புகைப்படம் ஒன்றுக்கே அது சரியாகும். இன்று கையடக்கமான பெட்டியில் 4 டெராபைட் அடங்குகின்றது.

இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுச் சில தட்டுக்களில் பதிவுத் தடங்கள், கூரை ஓடுகளைப் போல, ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு அமைக்கப்படுகின்றன. ஓர் ஓட்டை மாற்ற அதன்மேல் படிந்தவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பது போலவே, இத்தட்டுக்களில் திருத்தி எழுதுதல் மெதுவாக நடைபெறும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் திரைப்படச் சேமிப்புக்கு இது பெருங்குறையன்று. அடிக்கடி எழுதியழிக்கும் பணிக்கு ஏற்றதன்று. பழைய தட்டை வாங்குவோர், அது இயங்கிய மணிநேரத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தறியலாம். ஆண்டுக்கு 8,760 மணி என்பதால், 30,000 மணி காட்டும் தட்டு மூன்றாண்டுகளுக்கு மேல் ஓய்வின்றி உழைத்தது என்பது தெளிவு. அரிய பதிவுகளுக்கு அத்தகையது ஆகாது.

மின்தடையும் இடிமின்னலும்

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலுக்குப்பின் இடிமழை மிகுதி. எழுதும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புக்கள் சிதையும். மின்னலின் அதிர்ச்சி மின்கம்பி வழியாக மட்டுமன்றி, இணையத்தின் செப்புக் கம்பி வழியாகவும் உட்புகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாததால் அவ்வழி அபாயம் குறைவு. சிறிய யு.பி.எஸ். ஒன்று வேண்டும். அதிலுள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 84 வாட்-மணி. அதில் பாதியே பயன்பட்டாலும், 30 வாட் கொள்ளும் சேமிப்பகத்தை ஒரு மணிக்கு மேல் தாங்கும். இடிமழைக் காலத்தில் நீண்டநேரம் வெளியே செல்வோர் இணைப்புக்களைக் கழற்றி வைப்பதே மேலான காப்பு.

கருவியைச் சுவரோரத்து ஈரத்திலும், மூடிய அலமாரியிலும் வைத்தலாகாது. காற்றோட்டமுள்ள உயர்ந்த பலகையே தகுந்த இடம்.

இரண்டாம் பிரதி

ஒரே செய்தியை இரு தட்டுக்களில் ஒருங்கே எழுதும் முறை பலரைக் கவர்கின்றது. தட்டுக்களைத் தொகுத்தாளும் இத்தகைய முறைகளை அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்துரைத்தனர். ஒரு தட்டு பழுதுற்றாலும் வேலை நிற்காதிருப்பதே இதன் பயன். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அக்கணமே அழியும். மின்னல் தாக்கினால் இரண்டும் ஒருங்கே கெடும். ஆகவே இது காப்புப் பிரதிக்கு மாற்றாகாது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு பெருக்கெடுத்தபோது, நெடும்பாசேரி விமான நிலையமே இரு வாரங்கள் மூடப்பட்டிருந்தது. தாழ்ந்த தளத்து வீடுகளில் நீர் புகும்போது, ஒரே அறையிலுள்ள பிரதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. மேற்கூறிய 680 ஜிகாபைட்டை மட்டும் 2 டெராபைட் கொள்ளளவுள்ள வெளித்தட்டு ஒன்றில் பிரதி செய்து, வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தால் போதும். மாதம் ஒருமுறையோ, ஓணம், விஷு போன்ற விழாக்களுக்குச் செல்லும்போதோ அதனைப் புதுப்பித்துக் கொள்ளலாம். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சில கோப்புக்களைத் திறந்து பார்த்துச் சோதித்தல் அவசியம். திறவாத பிரதி, பிரதியாகாது.

ஆகவே, கையிலுள்ள தொகை குறைவாயின் செயலியிற் சிக்கனம் காட்டலாம். பெட்டியின் அழகிற் சிக்கனம் காட்டலாம். திரைப்படங்களுக்குப் பிரதியின்றியும் இருக்கலாம். நல்ல தட்டு ஒன்று, மின்தடைக்குக் காப்பு ஒன்று, வேறிடத்தில் இரண்டாம் பிரதி ஒன்று என்னும் மூன்றிலும் சிக்கனம் கூடாது. கம்ப்யூட்டர் கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்; அதிலிருந்த குரல்கள் கடைகளிற் கிடைப்பனவல்ல.